வாய்ப் புற்றுநோய்: வீட்டிலேயே வாயைச் சோதிப்பது எப்படி, ஐயம் எழுந்தால் அடுத்து என்ன செய்வது

கருவி எதுவும் இல்லாமல், கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் புற்றுநோயை அதன் தொடக்கத்திலேயே கண்டுகொள்ள முடிகிற உறுப்பு வாய். பல நேரங்களில் புற்றாக மாறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ, வாய் முன்போல் திறக்காமல் போவதாகவோ அது அறிகுறி காட்டிவிடுகிறது. இருந்தும், இந்திய ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் முன்வரிசையில் இருக்கும் இந்நோய்க்கு மருத்துவரைத் தேடி வருவோரில் பெரும்பாலோர், கழுத்தில் நெறி கட்டிய பிறகோ தாடை எலும்பு அரிக்கப்பட்ட பிறகோதான் வருகிறார்கள். தொடக்கநிலைப் புற்றுப்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதே இந்தத் தாமதத்திற்கு முதற்காரணம். வலி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் தாமதமாகத்தான் வந்து சேர்வார்கள். ஆகவே வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதம் ஒரு முறை வாயைத் தேடிப் பார்க்கும் முறையையும், பார்த்தபின் செய்ய வேண்டியதையும் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

யார் பார்க்க வேண்டும்

வாயைப் பார்ப்பதால் உயிர் காக்கப்படுகிறதா என்ற கேள்விக்கு உலக அளவில் கிடைத்துள்ள மிக முக்கியமான விடை நம் பக்கத்து மாநிலத்திலிருந்து வந்தது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வில், 13 ஊராட்சிப் பகுதிகளில் 7 பகுதிகளைச் சேர்ந்த, 35 வயதும் அதற்கு மேலும் ஆன மக்களின் வாயை மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பார்த்தனர். மற்ற 6 பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. இரு பிரிவிலும் சேர்த்து ஏறத்தாழ 1,90,000 பேர் இதில் இருந்தனர். வாயைப் பார்த்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பட்டப்படிப்பு முடித்து, இதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள். 2005இல் வெளியான முடிவுகளின்படி, புகையிலையோ மதுவோ பயன்படுத்துவோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு 34 விழுக்காடு குறைந்திருந்தது. இரண்டு பழக்கமும் இல்லாதவர்களிடம் அத்தகைய தெளிவான பயன் தெரியவில்லை. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, நான்கு சுற்றுப் பரிசோதனைக்கும் தவறாமல் வந்த புகையிலை, மதுப் பழக்கத்தினரிடம் இறப்பு 81 விழுக்காடு வரை குறைந்திருந்தது. ஒரு முறை பார்த்துவிட்டு விட்டுவிடுவதற்கும் விடாமல் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த எண்ணே காட்டுகிறது.

எனவே முதலில் பார்க்க வேண்டியவர்கள் யார் என்பதில் ஐயம் இல்லை. பீடி, சிகரெட், சுருட்டு புகைப்பவர்கள். புகையிலையை வெற்றிலையோடோ தனியாகவோ மெல்பவர்கள். குட்கா, மாவா, ஹான்ஸ், கூல் லிப் போன்றவற்றை உதட்டுக்குள்ளோ கன்னத்துக்குள்ளோ அடக்கிவைப்பவர்கள். நாள்தோறும் மது அருந்துபவர்கள். இவற்றில் இரண்டு சேர்ந்திருப்பவர்கள். இவர்கள் அனைவரும் மாதம் ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். புகையும் மதுவும் சேரும்போது ஆபத்து கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக உயர்கிறது. புகையிலை இல்லாத வெறும் வெற்றிலை பாக்கினால் கேடில்லை என்று நம் வீடுகளில், குறிப்பாக முதியவர்களிடையே, ஆழ்ந்த நம்பிக்கை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்ந்த வெற்றிலையை 1985இலேயே புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்தியது. 2004இல் புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும், பாக்கை மட்டுமே தனியாகவும் அதே வகையில் சேர்த்துவிட்டது. தாம்பூலத்தின் மீது நமக்குள்ள மதிப்பு எவ்வளவு பெரிதானாலும், நாள் முழுதும் பாக்கை மெல்லும் பாட்டியின் வாயையும் மாதம் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

பார்க்கும் முறை

பகல் வெளிச்சத்தில் சன்னல் ஓரமாகவோ, பளிச்சென்ற விளக்கின் கீழோ ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் டார்ச் விளக்கு, சுத்தமான மெல்லிய துணி ஒரு துண்டு, ஒரு சிறு தேக்கரண்டி ஆகியவை போதும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயை நன்றாகக் கொப்பளித்து, கழற்றி மாட்டும் பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். பல்செட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் புண் கவனத்திற்கு வராமல் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வீட்டில் இன்னொருவர் உதவினால் நாக்கின் பின்பகுதியும் அண்ணமும் எளிதாகத் தெரியும். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்வது நல்ல ஏற்பாடு.

முதலில் முகத்தை நேராகப் பார்த்து, இரு கன்னமும் இரு தாடை விளிம்பும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்று கவனியுங்கள். பிறகு தாடைக்கு அடியிலும், காதுக்குக் கீழிருந்து கழுத்தின் பக்கவாட்டிலும் விரல் நுனிகளால் மெதுவாக அழுத்தித் தடவுங்கள். சளி, தொண்டை வலி, சொத்தைப் பல் ஆகியவற்றால் கட்டும் நெறி தொட்டால் வலிக்கும்; சில நாட்களில் தானே வடியும். வலிக்காமல், கல்போல் கெட்டியாக, விரலால் தள்ளினாலும் நகராமல் இருக்கும் கட்டியே கவலைக்குரியது.

அடுத்து உதடுகளை விரலால் பிதுக்கி அவற்றின் உட்புறத்தைப் பாருங்கள். அங்கிருந்து கன்னத்துக்குச் செல்லுங்கள். ஆள்காட்டி விரலால் கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்து, வாயோரம் முதல் கடைவாய்ப் பல் வரை விளக்கை அடித்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் புற்றுநோய் மிகுதியாகத் தோன்றும் இடங்களில் கன்னத்தின் உட்சதையும், கன்னமும் கீழ் ஈறும் சேரும் பள்ளமும் முதன்மையானவை. புகையிலையை அடக்கிவைப்பது அங்கேதான் என்பதே காரணம். எந்தப் பக்கம் அடக்குவது வழக்கமோ அந்தப் பக்கத்தை இரண்டு முறை பாருங்கள். ஆந்திராவின் சிறீகாகுளம் பகுதியில் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் வழக்கம் இருந்த இடங்களில் அண்ணத்தில் புற்றுநோய் மிகுந்திருந்ததை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். பழக்கம் எந்த இடத்தைத் தொடுகிறதோ, நோயும் அந்த இடத்தையே தேடுகிறது.

ஈறுகளை உள்ளும் புறமும் பார்த்தபின் நாக்குக்கு வாருங்கள். நாக்கை நீட்டி, அதன் நுனியைத் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தால் மறுபக்க ஓரம் பின்வரை தெரியும். நாக்கின் மேற்பரப்பில் புற்றுநோய் தோன்றுவது அரிது. பக்க ஓரங்களும் அடிப்பகுதியும்தான் கவனத்திற்குரியவை. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, அதன் அடியையும் வாயின் தளத்தையும் பார்த்து, ஒரு விரலை உள்ளேயும் மற்றொரு கையை வெளியே தாடைக்கு அடியிலும் வைத்து மெல்ல அழுத்தித் தடவுங்கள். தலையைப் பின்னே சாய்த்து, தேக்கரண்டியின் அடிப்புறத்தால் நாக்கைத் தாழ்த்தி, அண்ணத்தையும் உள்நாக்கைச் சுற்றியுள்ள பகுதியையும் பார்த்தால் சோதனை ஏறக்குறைய முடிந்தது.

மீதமிருப்பது வாயைத் திறந்து பார்ப்பது. உங்கள் கையின் நடுமூன்று விரல்களையும் ஒன்றாகச் சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே நெட்டுவாக்கில் நுழைத்துப் பாருங்கள். மூன்று விரல் தடையின்றி நுழைந்தால் வாய் இயல்பாகத் திறக்கிறது எனலாம். இரண்டு விரல்தான் நுழைகிறது என்றால், அதுவும் பாக்கோ பான் மசாலாவோ மெல்லும் இளைஞருக்கு அப்படி என்றால், காரணம் பெரும்பாலும் சப்மியூகஸ் பைப்ரோசிஸ் எனப்படும் நார்த்தடிப்பு நோயாக இருக்கும். பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் சளிச்சவ்வுக்கு அடியில் நார்ப்புரதம் மிகுதியாக உருவாகத் தூண்டுகிறது. பாக்கிலுள்ள செம்புச் சத்து அந்த நார்களை இறுகப் பிணைக்கும் நொதியின் செயலைக் கூட்டுகிறது. காரம் பட்டால் எரிவது இதன் முதல் அறிகுறி. பிறகு கன்னம் வெளிறி, தோல்வார் போல் விறைத்து, நாளடைவில் வாய் திறப்பதே குறைந்துவிடுகிறது. எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அவர்களில் 7.6 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் வந்தது. இறுகிய நாரை முழுமையாகப் பழைய நிலைக்குக் கொண்டுவர இன்று மருந்து இல்லை. ஆனால் பாக்கை அடியோடு விட்டால் மேலும் இறுகுவதைப் பெருமளவு தடுக்கலாம் என்பதால், காரம் எரியும் கட்டத்திலேயே கண்டுகொள்வதற்கு மிகுந்த மதிப்பு உண்டு.

அஞ்ச வேண்டாதவை

முதன்முறை வாயைக் கூர்ந்து பார்க்கும் பலர், இயல்பான உறுப்பமைப்பைக் கண்டே அஞ்சிவிடுகிறார்கள். கேரளத்தில் சுமார் 22,000 பேருக்குச் சுயபரிசோதனை பற்றிய கையேடு கொடுத்து நடத்திய ஓர் ஆய்வில், ஐயத்தோடு மருத்துவரிடம் வந்த 247 பேரில் 74 பேரின் வாயில் இருந்தது இயல்பான அமைப்பே. 77 பேருக்குப் புற்றுக்கு முந்தைய நிலையும், 7 பேருக்குப் புற்றுநோயும் இருந்தன. அந்த 74 பேரும் வந்தது வீண் என்று நான் நினைக்கவில்லை. எனினும் அச்சத்தால் இரவில் தூக்கம் கெடாமலிருக்கச் சிலவற்றை அறிந்துகொள்வது நல்லது. நாக்கின் மிகப் பின்புறத்தில் சிறு குமிழ்கள் ஆங்கில V எழுத்துப்போல் வரிசையாக நிற்பது எல்லோருக்கும் உள்ளது. மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தில் சிறு மேடு இருந்தால் அது உமிழ்நீர்க் குழாயின் வாய். கன்னத்தில் பற்கள் சேரும் உயரத்தில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு பல் அழுந்துவதால் வருவது. உதட்டிலும் கன்னத்திலும் தெரியும் மஞ்சள் நிறப் பொட்டுகள் கொழுப்புச் சுரப்பிகள். நாக்கின் அடியில் நீலமாகத் தெரிவன நரம்பு என நாம் சொல்லும் இரத்தக் குழாய்கள். அண்ணத்தின் நடுவிலோ கீழ்த்தாடையின் உட்புறத்திலோ எலும்புபோல் கெட்டியாக, பல ஆண்டுகளாக மாறாமல் இருக்கும் புடைப்பும் தீங்கற்றதே. ஓர் எளிய வழி உண்டு: வலப்பக்கம் பார்த்ததை இடப்பக்கமும் தேடுங்கள். இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் அது பெரும்பாலும் இயல்பு.

இரண்டு வாரக் கணக்கு

ஒரு பக்கம் மட்டும், புதிதாகத் தெரிவதே நாம் தேடும் பொருள். துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, குறிப்பாக மேடுபள்ளமாகவோ சிவப்புப் புள்ளிகள் கலந்தோ இருப்பது, மருத்துவர் பார்க்க வேண்டியது. வெல்வெட் துணிபோல் மினுங்கும் சிவப்புத் திட்டு அதைவிட அரியது, ஆனால் அதைவிட மோசமானது. 1975இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இத்தகைய சிவப்புத் திட்டுகளிலிருந்து எடுத்த சதைத் துணுக்குகளில் 91 விழுக்காடு, ஆழ இறங்கிய புற்றாகவோ, இன்னும் ஆழ இறங்காத புற்றாகவோ, புற்றுக்கு முந்தைய கடுமையான மாற்றமாகவோ இருந்தது. ஆகவே சிவப்புத் திட்டைக் கண்டால் நாள் பார்த்துக் காத்திருக்காமல் அந்த வாரமே செல்லுங்கள்.

புண்ணுக்கு மட்டுமே காத்திருப்புக் கணக்கு பொருந்தும். சூட்டினால் வந்தது என்று நாம் சொல்லும் சாதாரண வாய்ப்புண் வட்டமாக, மஞ்சள் நிற அடியும் சிவந்த விளிம்புமாக, தொட்டாலே சுரீரென்று வலித்து, 7 முதல் 14 நாட்களுக்குள் ஆறிவிடும். புற்றுப்புண் பெரும்பாலும் வலியின்றி, விளிம்பு தடித்துச் சுருண்டு, அடிப்பகுதி விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டு, தொட்டால் இரத்தம் கசியும். நாட்கள் போகப் போக வளரும். புண்ணைக் கண்ட நாளை நாட்காட்டியில் குறித்து, கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். மணத்தக்காளிக் கீரை சமைத்து உண்பதிலோ, மருந்துக்கடையில் வாங்கும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையிலோ தவறில்லை. அந்த மாத்திரையை மாற்றி மாற்றி மூன்று மாதம் விழுங்கிக்கொண்டிருப்பதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. 14 நாட்களில் ஆறாத புண் எதுவாயினும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும், மருத்துவர் கண்ணில் பட வேண்டும். பக்கத்தில் கூரிய பல் இருந்து அது உரசி வந்த புண் என்று தோன்றினாலும், பல் மருத்துவரிடம் அந்தப் பல்லை மழுக்கச் செய்து, பிறகு இரண்டு வாரத்தில் ஆறுகிறதா என்று அவரிடமே மீண்டும் காட்டுங்கள்.

தாடை சொல்லும் செய்திகள்

தாடை எலும்பில் வரும் நோய்கள் கண்ணுக்கு நேராகத் தெரியாததால் அவற்றின் மறைமுக அறிகுறிகளை அறிந்திருக்க வேண்டும். ஈறு நோய் இல்லாமலே ஒன்றிரண்டு பற்கள் மட்டும் ஆடுவது, பல் பிடுங்கிய குழி வாரக்கணக்கில் ஆறாமல் சதை வளர்ந்து நிற்பது, பல்செட் திடீரெனப் பொருந்தாமல் போவது, கீழுதட்டின் ஒரு பாதி காரணமின்றி மரத்துப்போவது ஆகியவை ஒவ்வொன்றும் எக்ஸ்ரே எடுக்கத் தகுந்த காரணமாகும். ஆடும் பல்லைப் பிடுங்கிவிட்டால் சரியாகும் என்று எக்ஸ்ரே இல்லாமல் பிடுங்கச் சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். தாடை மெல்ல மெல்ல, வலியின்றி, மாதங்கள் ஆண்டுகள் எனப் பருத்துவருவது பெரும்பாலும் புற்றாக இராது. பல்லின் வேரைச் சார்ந்த நீர்க்கட்டியாகவோ, அமிலோபிளாஸ்டோமா என்ற கட்டியாகவோ இருக்கலாம். அமிலோபிளாஸ்டோமா உடலில் பரவுவது மிக அரிது என்றாலும், சுரண்டி மட்டும் எடுத்தால் திரும்பத் திரும்ப வளரக்கூடியது. எனவே தாடையின் முழுப்படம் எடுத்து, சதைச் சோதனை முடிவு வந்தபின் சிகிச்சையைத் தீர்மானிப்பதே முறை.

மருத்துவரிடம்

எந்தப் பல் மருத்துவரிடமும் முதலில் காட்டலாம். அரசு மருத்துவமனைகளின் பல் பிரிவிலும், காது மூக்கு தொண்டைப் பிரிவிலும், சென்னை, புதுக்கோட்டை, சிதம்பரத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதற்கான வசதி உண்டு. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும், காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் சிகிச்சைக்கான முதன்மை இடங்கள். இங்கே ஒரு வேண்டுகோள். இலங்கையின் மத்திய மாகாணத்தில் 1980களின் தொடக்கத்தில், அடிப்படைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாக வாய்களைப் பார்த்து, ஐயத்திற்குரியவர்களை மருத்துவமனைக்கு அனுப்பினர். அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரே சென்றனர். கண்டுபிடிப்பதில் பணியாளர்கள் தவறவில்லை. கண்டபின் போகாமையால் பாதிப் பயன் கைநழுவியது. நீங்கள் கண்டதை வீட்டில் ஒருவரிடம் அன்றே சொல்லிவிட்டால், போகாமல் தள்ளிப்போடுவது கடினமாகிவிடும்.

மருத்துவர் பயாப்சி எனப்படும் சதைச் சோதனை செய்யச் சொன்னால் மறுக்காதீர்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, புண்ணின் ஓரத்திலிருந்து சிறு துணுக்குச் சதையை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள். கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்ற அச்சம் நம் மக்களிடம் வேரூன்றியிருக்கிறது. முறையாகச் செய்யும் பயாப்சியால் நோய் பரவுவதில்லை. கத்திக்கு அஞ்சிக் கழித்த மாதங்களில்தான் அது பரவுகிறது. நோய் கத்தி படாமலே பரவிக்கொண்டிருக்க, பிறகு அறுவை செய்தபோது தெரியவந்ததைக் கண்டவர்கள் கத்தியைக் குறைசொன்னார்கள்.

அறிக்கையில் டிஸ்பிளேசியா என்று இருந்தால், செல்கள் இயல்பு மாறத் தொடங்கியுள்ளன, இன்னும் புற்றாகவில்லை என்று பொருள். அது லேசானதா, நடுத்தரமா, கடுமையா என்பதைப் பொறுத்துத் திட்டை அகற்றுவதா, பழக்கத்தை விட்டுக் கண்காணிப்பதா என முடிவெடுப்பார்கள். ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்றிருந்தால் அதுவே புற்று. வாய்ப் புற்றுநோயில் பத்தில் ஒன்பதுக்கு மேல் இந்த வகைதான். அடுத்துக் கட்டியின் அகலத்தோடு அது எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியுள்ளது என்பதையும் கணக்கிடுவார்கள். இன்றைய வகைப்பாட்டின்படி 2 சென்டிமீட்டருக்கு மேற்படாமலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் இறங்காமலும் இருப்பதே முதல் நிலைக் கட்டி. அந்த நிலையில் பெரும்பாலும் அறுவை சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கும். கழுத்தில் நெறி எதுவும் தெரியாதபோதும் கழுத்தையும் சேர்த்து அறுவை செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் திகைக்க வேண்டாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அனில் டிக்ரூஸ் தலைமையில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், தொடக்கநிலை நோயாளிகளுக்கு முதல் அறுவையிலேயே கழுத்து நெறிகளையும் அகற்றியபோது மூன்றாண்டு உயிர்வாழ்வு 80 விழுக்காடாகவும், நெறி தெரிந்தபின் அகற்றலாம் என்று காத்திருந்தபோது 67.5 விழுக்காடாகவும் இருந்தது. கதிர்வீச்சு தேவைப்படும் என்றால், அதற்கு முன்பே சொத்தைப் பற்களைச் சரிசெய்யவோ பிடுங்கவோ வேண்டும். கதிர்வீச்சு பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து உண்டு.

பழக்கத்தை விடுவது சிகிச்சையின் ஒரு பகுதி. எர்ணாகுளம், பாவ்நகர், சிறீகாகுளம் மாவட்டங்களில் 36,000க்கும் மேற்பட்ட புகையிலைப் பயனாளிகளிடம் நடத்திய ஆய்வில், நேரில் சந்தித்து அறிவுரை சொல்லிக்கொண்டே வந்தபோது வெள்ளைத் திட்டு புதிதாகத் தோன்றுவது குறைந்தது. புகையிலைப் பொட்டலங்களிலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் விடுவதற்கான ஆலோசனை கிடைக்கும்.

அறிக்கையில் புற்று இல்லை என்று வந்தாலும், மருத்துவர் குறித்துக்கொடுத்த நாளில் மீண்டும் செல்ல வேண்டும். பல ஆண்டுகள் புகையிலை பட்ட வாயில் சளிச்சவ்வு முழுவதுமே மாற்றத்துக்கு உள்ளாகியிருப்பதால், ஓரிடத்தில் எடுத்த துணுக்கு மற்ற இடங்களுக்குப் பொறுப்பேற்காது. புற்றை அகற்றி நலமடைந்தவர்களுக்கும் இதே காரணத்தால் வேறொரு மூலையில் புதிதாகத் தோன்றலாம். ஒவ்வொரு முறை செல்லும்போதும் பழைய அறிக்கைகள், எக்ஸ்ரே படங்கள், கைப்பேசியில் எடுத்த படங்கள் ஆகியவற்றைக் கொண்டுசெல்லுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாற வேண்டியிருந்தால், பயாப்சி செய்த இடத்தில், சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளையும் (ஸ்லைடு) சதைத் துணுக்கு வைக்கப்பட்ட மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். அவை கையில் இருந்தால் புதிய இடத்தில் மீண்டும் சதை எடுக்காமலே பரிசோதனையை மறுபடி செய்ய இயலும், சிகிச்சையும் சில வாரம் முன்னதாகத் தொடங்கும்.